வாட்ச்மேனின் வாள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரத் வந்து பிளேஸ்டேஷனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குள் வாட்ச்மேன் சாக வேண்டும்.

பரத் பூவிழியின் தம்பி. ஸ்ரீபெரும்புதூரில் வேலை. அறை மாறும்போது பிளேஸ்டேஷன் பெட்டியை மரக்காணத்தில் அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கி, அக்கா புருஷன் அசோகன் வேலையில்லாமல் வீட்டில் இருந்த சமயம் அது. அவன் விளையாடினான். மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் பூவிழி அவனுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள். கதை அவளைப் பிடித்துக்கொண்டது. சிறைப்பட்ட தங்கையைத் தேடி ஒருத்தி வாளோடு மலையேறுகிறாள். தங்கை கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கதவுக்கு முன்னால் பாலத்தில் நிற்கும் இரும்பு ஆளுக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தது பூவிழிதான்.

அவனை வெட்டிச் சாய்க்க முடியாது. அவன் வாள் மேலே விழப்போகும் அந்த நொடியில் பொத்தானை அழுத்தி அதைத் தட்டிவிட வேண்டும். ஐந்து முறை தட்டினால் மண்டியிடுவான். முந்தினாலும் பிந்தினாலும் சாவு. வெட்டு விழுவதற்குச் சற்று முன் வாளில் பளீரென்று ஒரு வெள்ளை ஒளி அடிக்கும், அதுதான் அடையாளம். பத்து நாளாக அசோகன் செத்துக்கொண்டிருந்தான். இரண்டு தட்டுக்கு மேல் போனதில்லை.

சனிக்கிழமை மனம் விட்டுப்போய், முடிவு யூடியூபில் இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டான்.

“எவனோ ஜெயிச்சத நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? நீ கூட்டினு போ,” என்றாள் பூவிழி.

ஞாயிறு காலையில் பதினாலாவது முறை அவன் செத்தபோது, டீவி பக்கத்தில் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த ஆட்டத்திலும் பார்த்தாள். வெள்ளை ஒளி அடிக்கும்போதெல்லாம் அவன் கண் மூடிக்கொண்டது.

பதினெட்டு வருஷம் பாத்தியில் உப்பு வாரியவன். உச்சி வெயில் உப்பில் பட்டுத் தெறிக்கிற இடத்தில் வெள்ளையைக் கண்டால் கண் தானாக இறுகிவிடும். கண்ணை மூடுகிறாய் என்று அவள் சொன்னதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான்.

“நடராசனும் இப்படித்தான். அவன் கல்யாண போட்டோ ஒண்ணுலயும் கண்ணே இருக்காது,” என்றான். நடராசன் அவனோடு பாத்தியில் வேலை செய்பவன்.

கூலிங்கிளாஸ் போட்டு ஆடிப் பார்த்தான். ஒன்றும் தெரியாமல், வாட்ச்மேன் கை வைப்பதற்கு முன்பே பாலத்திலிருந்து விழுந்தான். கண்ணை விரித்து வைத்துப் பார்த்தான்; தண்ணீர் வழிந்ததே தவிர, கண் சொன்னபடி கேட்கவில்லை.

“நீ மூடிக்கோ. நான் பாக்கறேன்,” என்று அவன் தோளில் கை வைத்தாள்.

முதலில் வாயால் சொன்னாள். சொல் அவன் காதில் விழுவதற்குள் வாள் நெஞ்சில் இருந்தது. பிறகு தோளை அழுத்தினாள். அது முந்திப்போனது, கூசுகிறது என்று அவன் நெளிந்ததில் ஓர் ஆட்டம் போனது. வாட்ச்மேனையே உற்றுப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: வெட்டுவதற்கு முன் அவன் வலது குதிகால் தூக்கும். சில சமயம் உடனே வெட்டுவான், சில சமயம் வாளை ஓங்கியபடி ஏமாற்றி நிற்பான். குதிகால் தூக்கினால் தோளைப் பிடிப்பது, வாள் இறங்கினால் விடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அவள் விட்டதும் அவன் அழுத்த வேண்டும்.

மூன்றாவது தட்டு விழுந்தபோது வாசலில் பைக் நின்றது. பரத் உள்ளே வந்து பார்த்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாமா, தூங்கினே ஆடறீங்களா?”

பூவிழி தோளை விட்டாள். நான்கு. வாட்ச்மேன் வாளை ஓங்கி, வெகுநேரம் நின்றான். பூவிழியும் விடவில்லை. பிறகு விட்டாள். ஐந்து.

இரும்பு ஆள் மண்டியிட்டான். கதவு அசைந்தது. பரத் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தான். அசோகன் மட்டும் கண்ணை இறுக மூடியபடி, அடுத்த பிடிக்காகத் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“போதும், கண்ணத் தொற,” என்றாள் பூவிழி. “தங்கச்சி வருது பாரு.”