வேனுக்குள் இருந்த சிஸ்டர்

வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி இரண்டு மாதமாகியும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. உம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. கடைக்குப் போவதும் வருகிறவர்களைக் கவனிப்பதும் என் வேலை என்று காலிதீன் மாமா சொல்லிவிட்டார்.

மாதா கோயில் மதிலுக்குள் இருந்த எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பு ஒன்றுதான். இருபத்தாறு பிள்ளைகள். காலைச் செபத்தின்போது நாங்கள் ஏழு முஸ்லிம் பிள்ளைகளும் கைகட்டி நிற்போம். முடிந்ததும், "இனி நீங்க துஆ ஓதுங்க" என்று சிஸ்டர் பெனடிக்ற்றா காத்திருப்பார். என் புவியியல் விடைகளுக்குக் கீழே பச்சை மையில் பக்கம் பக்கமாக எழுதுவார்.

ஒரு வியாழக்கிழமை அதிபர் பாதரே வீட்டுக்கு வந்தார். மறுநாளுக்குள் உம்மா படிவத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் பரீட்சைக்கு என் பெயர் போகாது.

மாமா படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வாப்பா இல்லாத புள்ள, பாதர். இவ்வளவு படிச்சது காணும்."

"தாயார் என்ன சொல்றாங்க?"

"நான் சொல்றதத்தான் அவவும் சொல்லுவா."

திரைக்குப் பின்னால் உம்மா செருமினார். இத்தாவில் இருப்பவரின் குரலைக் கேட்பது பிழை என்று நினைத்தாரோ என்னவோ, பாதர் சட்டென எழுந்துவிட்டார்.

தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்ற நான், பாதர் வந்த வேனுக்குள் சிஸ்டரைக் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். பெண்கள் திரைக்குள் போகலாம். ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் போதும். மாமா வாசலில் நின்றார். நான் தட்டோடு உள்ளே திரும்பினேன்.

இத்தா முடிந்து உம்மா முதலில் போன இடம் கல்லூரி.

"பெயரெல்லாம் அனுப்பி முடிஞ்சுதே" என்றார் சிஸ்டர். "அடுத்த வருசம் எழுதலாம்தானே?"

"வாற மாசம் இவக்கு நிக்காஹ். அன்டைக்கு நான் கையெழுத்து வெச்சிரிந்தா அந்தப் பேச்சே வந்திரிக்காது."

"அன்டைக்கு நானும் வந்தனான். மௌத்தான வீட்டுக்குள்ள இந்தச் சிலுவையோட வாறது சரியில்லையெண்டு வேனுக்குள்ளயே இருந்துட்டன்."

"நீங்க பொம்பிளதானே சிஸ்டர்! உள்ளுக்கு வந்திரிக்கலாமே! நீங்க வந்தது ஆருக்குத் தெரியும்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடினார்.

ஓட்டோவில் உம்மா கேட்டார்: "அன்டைக்கு சிஸ்டர நீ கண்டயா புள்ள?"

"ஓம்."

எங்கள் கல்முனைக்குடி வரும்வரை அவர் முகத்திரையைத் தூக்கவில்லை.