நாலாவது அத்தியாயம்

மகள் அம்மாவின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அம்மாவுக்கு ‘எறும்பு மேடம்’ என்று பெயர். முப்பது வருடம் எறும்புகளைத் தவிர வேறெதையும் ஆராய்ந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கடைசியாக ஒரு ஆய்வு மாணவி இருந்தாள்.

“அவ வந்தாளா?” என்று அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அந்த மாணவி அந்த வாரம் இரண்டு தடவை வந்திருந்தாள். அம்மா தூங்குவதாகச் சொல்லி வாசலோடு அனுப்பியது மகள்தான். சின்ன வயதிலிருந்து அம்மாவின் சாயங்காலங்களை யார் வீட்டுப் பிள்ளைகளோ எடுத்துக்கொண்டார்கள். கடைசி நாட்களாவது தனக்கு மிஞ்சட்டும் என்றிருந்தது அவளுக்கு.

“வரலம்மா.”

“வருவா. நாலாவது அத்தியாயத்துல முட்டிக்கிட்டு நிக்கிறா.”

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. பதினோரு மணிக்கு மூச்சு நின்றது.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அம்மாவின் முதல் மாணவர், இப்போது துறைத் தலைவர், கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு சமையலறைப் பக்கம் வந்து, கடைசி மாணவிக்குச் சொல்லியாயிற்றா என்று விசாரித்தார். மகள் கழுவிய தம்ளரையே திரும்பக் கழுவினாள். அப்புறம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணின் பதிவே போய்விடும் என்பதையும் சொன்னாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நான் பாதி எழுதும்போதே என் கைடு இறந்துட்டார். மூட்டை கட்டிட்டேன். உங்கம்மா அப்பதான் வேலைக்குச் சேந்திருந்தாங்க, என்னை முன்னப்பின்ன தெரியாது. மிச்சத்தை எங்கிட்ட கொடுன்னாங்க. நீ அப்ப கைக்குழந்தைம்மா. உன்னை மடியில போட்டுக்கிட்டேதான் வரிவரியா திருத்துனாங்க.”

மகளுக்கு அது தெரியாது.

அவள் வாசலுக்கு வந்தபோது, மாணவி எதிர்ச்சாரியில் ஒரு காரை ஒட்டி நின்றிருந்தாள். யாரோ சொல்லித் தெரிந்து வந்தவள், உள்ளே வரத் தயங்கி அங்கேயே நின்றுவிட்டாள். மகள் செருப்புக்கூடப் போடாமல் சாலையைக் கடந்தாள்.

“அம்மா உங்களைக் கேட்டாங்க. நான்தான்...”

கையைப் பிடித்து அழைத்துவந்து அம்மாவின் அருகில் உட்காரவைத்தாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியானபோது சாயங்காலமாகிவிட்டது. துறைத் தலைவர் கிளம்பவில்லை. அம்மா ஆய்வேட்டை எந்தப் பக்கம்வரை பார்த்திருந்தார் என்று மாணவியிடம் கேட்டார். அவள் பைக்குள்ளிருந்து காகிதக் கட்டை எடுத்தாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க மருந்துப் புட்டிகள். மகள் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, மேசையை ஈரத்துணியால் துடைத்தாள். அது காயும்வரை மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.