சொல்லி முடிக்கிற வேஷம்

கடலே எட்டாத திருத்தங்கலில் கடல் நாடகம் போட ராஜசிங் வாத்தியாருக்குத்தான் துணிச்சல் வரும். கிரேக்கப் பழங்கதையை வைத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய நாடகத்தைத் தமிழாக்கி, சர்ச் ஹாலில் ஒரு நீலச் சேலையைத் தொங்கவிட்டு, இதுதான் கடல் என்றுவிட்டார்.

அதில் யாரும் மேடையில் சாவதில்லை. இளவரசன் கடற்கரையில் சாகிறான். தூதுவன் வந்து ராஜாவிடம் சொல்வான். மூச்சு முட்டும் நீளத்துக்கு வசனம். யாரும் சீண்டாத அந்த வேஷத்தை நர்ஸ் ஹெப்சிபா வலிய வந்து கேட்டாள்.

"ராணி வேஷம் இருக்கும்மா. இதுக்கு மீசைல்லா ஒட்டணும்?" என்றார் வாத்தியார்.

"ஒட்டுங்க சார். ராஜா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு நிக்காருல்லா, அது போதும்."

தீக்காய வார்டில் அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாவைச் சொல்ல அவள் கதவைத் திறந்ததுமே முகத்தைப் பார்த்துப் பெற்றவர்கள் அலறிவிடுவார்கள். எம். புதுப்பட்டிப் பொன்னுத்தங்கமும் அப்படித்தான். வெடிவிபத்தில் கருகிய மகன் ஜெயபாண்டி, அம்மாவிடம் சொல்லச் சொல்லி ஹெப்சிபாவிடம் ஒரு வார்த்தை விட்டுப் போயிருந்தான். அவள் வாயெடுத்தாலே பொன்னுத்தங்கம் காதைப் பொத்திக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டில் கண்டால் வேறு பஸ்ஸில் ஏறிவிடுவாள். சொல்லாத அந்த வார்த்தை ஹெப்சிபாவைத் தூங்க விடவில்லை.

நாடகத்தன்று பொன்னுத்தங்கம் ஊர்ப் பெண்களோடு முன்வரிசையில் இருந்தாள். மீசைக்குள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

மின்விசிறிக் காற்றில் சேலை மெல்ல அலையடித்தது. ஹெப்சிபா சொல்லச் சொல்ல நீரிலிருந்து பூதம் எழுந்தது, குதிரைகள் மிரண்டன, தேர் நொறுங்கியது. ஹாலே தண்ணீருக்கடியில் கிடப்பது போலிருந்தது. பொன்னுத்தங்கம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளையின் சாவு அல்லவா, கேட்க முடிந்தது.

ஹெப்சிபா ராஜாவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வலிக்கலன்னு எங்கம்மாட்ட சொல்லிருங்கக்கா. எனக்காவக் காத்திருக்காம அம்மாவச் சாப்பிடச் சொல்லுங்க."

ராஜா வேஷத்தில் நின்ற வாத்தியார் விழித்தார். இப்படி ஒரு வசனத்தை அவர் எழுதவே இல்லை.

மகன் வராமல் ஒரு நாளும் சாப்பிடாத பொன்னுத்தங்கம் எழுந்தாள். "அக்கான்னா கூப்பிட்டான்? ஆரு, எம்மவனா?"

ஹெப்சிபா மீசையைப் பிய்த்தெடுத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். "ஆமாம்மா."

"நெசமா வலிக்கலையா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வலிச்சுதும்மா. ஒங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னான்."

பொன்னுத்தங்கத்தின் கைகள் காதுவரை போயின. பிறகு தாமாகவே இறங்கின.

"மொதல்ல இருந்து சொல்லு தாயி" என்றாள்.