தளபதி வகுப்பு

கணவன் பயிற்சி முகாமுக்குப் புறப்பட்ட அன்று நிஷாந்தி சந்தோஷமாகத்தான் இருந்தாள். கம்பளிச் சட்டை, துவாய், சவர்க்காரம் என்று பையை அடுக்கிக் கொடுத்ததே அவள்தான். போகிறவன் குடியை விட்டுவிட்டுத் திரும்புவான் என்று கூட்டிப் போக வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

விஜிதரன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவன். நாடு நெருக்கடியில் விழுந்த வருஷம் கடையை மூடிவிட்டார்கள். ஒரு பெட்டியோடு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவன், அதைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கக்கூட மனமில்லாமல் கிடந்தான். நிஷாந்தி தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலைக்குப் போய், சின்ன மகளையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டினாள். அவனுக்குக் கசிப்பு பழகியது. குடித்துவிட்டுப் பாலத்தடியில் விழுந்து கிடப்பவனைத் தோளில் தாங்கிக் கூட்டி வருகிறவர் பக்கத்துக் காம்பரா அமிர்தநாதன்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் மனைவி பெற்றீசியாவுக்கும் அனோஜா என்று ஒரே மகள். ஆண் பிள்ளை இல்லாத மனுஷன், விஜிதரனைச் சின்ன வயதிலிருந்தே மருமகனே என்றுதான் கூப்பிடுவார். லயத்தில், அந்த நீண்ட வரிசை வீட்டில், இரண்டு காம்பராக்களுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வரும்.

அந்த நாட்களில்தான் அறக்காவல் படை என்று சொல்லிக்கொண்டு சிலர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். மலையகத்துப் பையன்களைச் சாராயத்திலிருந்து மீட்டு, முதுகு நிமிர்ந்து நடக்க வைக்கப் போவதாகச் சொன்னார்கள். கொத்மலையில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய துரை பங்களாவில் அவர்களுடைய பயிற்சிப் பள்ளி இருந்தது.

முகாம் முடிந்து விஜிதரன் திரும்பி வந்தபோது லயமே அதிசயித்தது. முகம் தெளிந்திருந்தது. விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தான். மைதானத்தில் பையன்களைச் சேர்த்து ஓட வைத்தான். கசிப்பு விற்கிற வீட்டுக்கு முன்னால் அவர்களோடு போய் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றே அந்த வியாபாரத்தை மூட வைத்தான். மகனுக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று அவனுடைய அம்மா நாகலெட்சுமி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பெற்றீசியா தன் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். அன்றைக்கு நிஷாந்தியிடம், “இனிமே ஒனக்கு நல்ல காலந்தான்” என்று சொல்லிக் கன்னத்தைத் தடவினாள்.

இரண்டாவது தடவை அவனைக் கூப்பிட்டது தளபதி வகுப்புக்கு. முதல் முகாமுக்குப் போன எல்லோருக்கும் அது கிடைக்காது. தோட்டத்துக்கு ஒருவனைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். போகும்போது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. துணிக்கடையில் முதலாளி தன்னை எந்த நாளும் “டேய், தோட்டத்தான்” என்று கூப்பிட்டதை அன்றுதான் முதல் தடவையாக மனைவியிடம் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. இனி யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்றாள்.

அந்த வகுப்பிலிருந்து வந்தவன் வேறு ஆளாக வந்தான். குடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, மெதுவாகக் கையை எடுத்து விடுவான். அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்டபோது சிலதைச் சொன்னான். அங்கே ஆசான் என்று ஒருவர் இருந்தாராம். ஒரு இனம் என்பது ஒரு உடம்பு, அதில் பல குரல் இருக்கக் கூடாது என்பாராம். தளபதி ஒரு கட்டளையை இரண்டாம் தடவை சொல்லக் கூடாது என்பாராம். இரக்கம் ஒரு நோய், அது முதலில் பிடிப்பது தலைவனைத்தான் என்பாராம். கோயில் பிரசங்கம் மாதிரி ஏதோ என்று எண்ணிக்கொண்டு நிஷாந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் மகள் பக்கத்துக் காம்பராவில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தாள். இனி அந்தக் கிறிஸ்தவ வீட்டில் பிள்ளை சாப்பிடக் கூடாது என்றான் விஜிதரன். நிஷாந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அவங்க நமக்கு என்னா கெடுதல் செஞ்சாங்க?” என்று கேட்டாள்.

“கெடுதல் செய்யல. நல்லவங்கதான்” என்றான் அவன். “நல்லவங்களா இருக்கிறதுதான் ஆபத்து. அதுலதான் நம்ம ஆளுங்க மயங்கிப் போறாங்க.”

அவன் அதைக் கோபமில்லாமல் சொன்னான். மனப்பாடம் பண்ணிய பாடம் போல இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பாள். இப்போது அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லயத்துக்கு வரும் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு மாதா சுரூபம் இருந்தது. தகரக் கூரையின் கீழ் பல வருஷமாக நின்ற அந்தச் சுரூபத்துக்குச் சீமெந்தில் குகை மாதிரி ஒரு கெபி கட்ட அமிர்தநாதன் ஆரம்பித்திருந்தார். கல்லும் மணலும் தானே சுமந்தார். அதற்கு முன்பு அந்த மூலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள், எந்தச் சாமி என்று பார்க்காமல் அந்த வழியில் போகும்போது நெஞ்சைத் தொட்டுக்கொள்வார்கள். நிஷாந்தியும் அப்படித்தான். இப்போது அறக்காவல் படை, அந்த இடம் மாரியம்மன் ஊர்வலம் போகிற பாதை, கெபி அங்கே வரக் கூடாது என்று சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியது. கோயில் பூசாரியே வந்து, அம்மனுக்கு அப்படி ஒரு குறையும் இல்லை என்று விஜிதரனிடம் சொல்லிப் பார்த்தார். அவன் அவரை உட்காரச் சொல்லவில்லை.

நிஷாந்தி பயந்துபோய் அமிர்தநாதனிடம் வேலையை நிறுத்தச் சொன்னாள். அவர் கையிலிருந்த சீமெந்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“நம்ம விஜிதானே, புள்ள. நான் பேசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, அனோஜா பூசைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பல தோட்டங்களிலிருந்து திரட்டிய பையன்கள், எல்லோருக்கும் ஒரே சட்டை. பாதி முகங்கள் நிஷாந்திக்குத் தெரிந்தவை. சிலர் அவள் காப்பகத்துப் பிள்ளைகளின் அண்ணன்மார். தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து பாதைக்கு ஓடினாள். வரிசைக்கு முன்னால் விஜிதரன் நின்றான்.

அமிர்தநாதன் கெபிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பையன்களை அவர் பார்க்கவே இல்லை. நேராக விஜிதரனிடம் வந்து, குடிகாரனாக இருந்த நாட்களில் தாங்கிப் பிடித்த மாதிரியே அவன் தோளில் கையைப் போட்டார்.

“மருமகனே, வீட்டுக்கு வா. தேத்தண்ணி குடிச்சுக்கிட்டுப் பேசுவோம்.”

கணவனின் முகம் ஒரு நொடி கலங்கியதை நிஷாந்தி பார்த்தாள். அதை அவள் பிறகு பொலிஸிலும் சொன்னாள், நீதிமன்றத்திலும் சொன்னாள். கலங்கிய முகம் உடனே இறுகிப்போனது. பையன்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோளை உதறாமல், குரலை உயர்த்தாமல், “அகற்று” என்றான்.

இரண்டு பேர் வந்து அமிர்தநாதனைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். அடிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை போலும். ஆனால் மழையில் பாதை வழுக்கலாக இருந்தது. அவர் பின்பக்கமாகச் சரிந்து, பாதையோரத்துத் தண்ணீர்க் கான் கட்டின் விளிம்பில் தலை மோத விழுந்தார். நிஷாந்தி ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்தாள். ஈரச் சேலை சிவந்தது. அவள் விஜிதரனைப் பெயர் சொல்லி அழைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதே இல்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பையன்கள் சுரூபத்தை உடைத்து முடிக்கும்வரை விறைப்பாக நின்றுவிட்டு, வரிசையோடு நடந்து போனான்.

அமிர்தநாதன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் தோட்டமே வந்தது. அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆனால் விசாரணைக்குப் பொலிஸ் வந்தபோது, கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியாது என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் விஜிதரன் கொத்மலையில் இருந்ததாகச் சொல்ல ஆட்கள் தயாராக இருந்தார்கள். சாம்பல் சட்டைக்காரர்கள் இருவர் நிஷாந்தியிடமும் வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். தங்கச்சி ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும், குடும்பத்தைப் படை பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அவள் மறுநாள் அனோஜாவோடு பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அன்றைக்கு அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை. தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், கட்டளை கொடுத்தது தன் கணவன் என்று சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு, யோசித்துத்தான் சொல்கிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இருவரும் வெளியே வந்தார்கள். அனோஜா அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

விஜிதரனைப் பிடித்துக்கொண்டு போன அன்று நாகலெட்சுமி மண்ணை வாரித் தூற்றினாள். பெற்ற மகனுக்குக் கட்டினவளே எமனாக வந்துவிட்டாள் என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். அந்த வாரமே அறக்காவல் படை ஒரு அறிக்கை விட்டது. விஜிதரன் என்ற பெயரில் தங்களிடம் எந்தத் தளபதியும் இல்லை, நடந்தது தனிப்பட்ட தகராறு என்று அதில் இருந்தது. பங்களாவில் அடுத்த வகுப்பு தொடங்கிவிட்டதாகவும் ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ரிமாண்டில் அவனைப் பார்க்க அவள் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றவன் மெலிந்திருந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் பிள்ளையை விசாரித்தான். ஆசானோ வக்கீலோ யாராவது வந்தார்களா என்று கேட்டான். யாரும் வரவில்லை என்றாள்.

“வகுப்புல கடைசி நாளு, ஒவ்வொருத்தனையும் எழுப்பி நிப்பாட்டினாங்க” என்றான். “மத்த மதத்து ஆளுங்கள்ல ஒனக்கு ரொம்ப வேண்டியவன் யாருன்னு கேட்டாங்க. நான் மாமா பேரைச் சொன்னேன். குடியிலேருந்து என்னையத் தூக்கிட்டு வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆசான் சிரிக்கல. அப்ப ஒன்னோட வேலை அங்கதான்னு சொன்னாரு.”

“வேற பேரு சொல்லியிருக்கலாமே” என்றாள் நிஷாந்தி.

“வேற பேரு ஒண்ணும் வாயில வரல.”

அதன் பிறகு அவன் அழுதான். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னபோதும் அழுதுகொண்டுதான் இருந்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பெற்றீசியாவும் அனோஜாவும் பொல்பிட்டியவில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட முடிவு செய்திருந்தார்கள். சாமான்களை லொறியில் ஏற்றுகிற நாளில்தான் நிஷாந்திக்கு அந்த வாசலில் காலை வைக்கத் தைரியம் வந்தது. ரிமாண்டில் கேட்டதைச் சொல்வது நல்லதா, புண்ணைக் கிளறுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை. காலியான காம்பராவின் நடுவில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அனோஜா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெற்றீசியா, “இவரு பேரையா சொன்னான்?” என்று கேட்டாள்.

“ஆமா, அத்தை.”

“அது தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.”

அப்படிச் சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கத்தன்று அழாதவள் அன்று அழுதாள். நிஷாந்தி அவளைத் தொடப் போய், கையை மடக்கிக்கொண்டாள். லொறிக்காரன் வெளியிலிருந்து கூப்பிட்டான். நிஷாந்தி குனிந்து கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லொறிக்குப் போனாள். முன்னால் ஏறி உட்கார்ந்திருந்த அனோஜா அதை வாங்கிக் காலடியில் வைத்தாள்.