அமுக்காமல் விட்ட அடி

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நடந்தபோது நான் போனின் மறுமுனையில் இருந்தேன். மற்றதெல்லாம் அண்ணி சொல்லக் கேட்டது. நடனப் பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்வது அவர் தொழில்.

2

'அன்று அண்ணியின் காதுகளில் இருள் சூழ்ந்து—'

(இந்த வரியை அடித்துவிட்டேன். காதில் ஏது இருள்?)

கம்ப்ரஸர் என்ற ஒலிக்கருவியிலிருந்தே தொடங்குகிறேன். டிரம்ஸில் ஓங்கி விழும் அடியை அது அமுக்கும். பின்னால் பதுங்கியிருக்கும் சின்னச் சத்தத்தை முன்னே இழுத்துவரலாம். எவ்வளவு அமுக்குவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

3

அன்று காது ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி கம்ப்ரஸரின் குமிழைத் திருகினார். டிரம்ஸ் சத்தம் அப்படியே இருந்தது. கடைசிவரை திருகினார். அப்போதும் அதேதான். வருடக்கணக்காகச் சத்தத்திலேயே கிடந்த காது போயேவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். காது போனால் பிழைப்பும் போச்சு.

(இங்கே ஒரு பக்கம் அழுகை எழுதியிருந்தேன். அண்ணி அழவே இல்லையாம். குமிழிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாராம்.)

அந்த நேரம் பார்த்து நான் போன் செய்தேன். சமையலறையிலிருந்த அண்ணன் எடுத்துக் கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசுடா. உங்க அண்ணி காலையிலேர்ந்து உம்முனு இருக்கா. கிட்ட போனா கடிச்சுக் குதறிடுவா."

"எனக்குக் கேக்குது," என்றார் அண்ணி, தன் வேலை அறையின் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து.

"ஐயோ, சும்மா சொன்னேம்மா—"

"இல்லைங்க, நிஜமாவே கேக்குது. இன்னும் மெதுவாத் திட்டுங்க, பாப்போம்."

4

காது பத்திரமாக இருந்தால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கம்ப்ரஸரை அணைத்தும் போட்டும் ஒப்பிட்டுக் கேட்பது அண்ணியின் வழக்கம். காலையில் அணைத்த நேரத்தில் வாசல் மணி அடித்திருக்கிறது. எழுந்து போனவர் திரும்பி வந்து, அணைந்து கிடந்ததையே அத்தனை நேரமும் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்.

5

முதல் பிரதியில் அண்ணிக்கு உண்மையிலேயே காது போய்விடும். அதுதான் கனமான முடிவு என்று நினைத்தேன். அண்ணி படித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கிற காதை ஏன்ப்பா செவிடாக்குறே? அதோட எல்லாத்தையும் ஒரே சத்தத்துல எழுதியிருக்கே. பயமும் சிரிப்பும் ஒண்ணாவே கேக்குது. முதல் அடிய அமுக்காம விட்டுடு. அதுக்கப்புறம் அமுக்கு."

சரி, விட்டுவிடுகிறேன். அன்று அண்ணி கம்ப்ரஸரைப் போட்டார். அடி விழுந்தது. அவர் முகம்—

எனக்கெப்படித் தெரியும்? அந்த முகத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். அண்ணன் பதற்றத்தில் போனை வைக்க மறந்திருந்தார். டம், டம் என்று டிரம்ஸ் அடிக்க, அதற்கும் மேலே அண்ணி சிரிப்பது கேட்டது. அப்பாடா என்றிருந்தது. என்ன நடந்ததென்று அப்போது எனக்குத் தெரியாது.