வந்தவர் கட்டத்தில் அந்தோனிப்பிள்ளை சார்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. இறந்துபோனவரின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன்.

கிள்ளானில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி வகுப்பு, நடத்துகிறேன். என் மாணவி தாமரைக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு வராது. சுபாங் ஜெயாவிலிருந்து வந்த கல்வி உளவியலாளர் ஒரு வழி சொன்னார். பலகையில் 'வந்தவர்', 'வராதவர்' என்று இரண்டு கட்டம். பெட்டியில் இருக்கும் எல்லாருடைய படத்தையும் அவளே எடுத்து ஒட்டட்டும், யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும் என்றார். சத்தியமாகக் குறைந்தது. என் பயத்துக்கு எந்தப் பலகை?

2.

(முதலில் "அன்று மழை கொட்டிக்கொண்டிரு" என்று ஆரம்பித்தேன். பொய். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

தாமரை என் படத்தை 'வந்தவர்' கட்டத்தில் ஒட்டினாள். பக்கத்தில் அந்தோனிப்பிள்ளை சாரையும் ஒட்டினாள். எனக்கு முன்பு இந்த வகுப்பை நடத்தியவர் அவர். பிப்ரவரியில் அடக்கம் செய்தோம்.

'வராதவர்' பக்கம் மாற்றினேன். சிரித்துக்கொண்டே பழைய இடத்துக்கு மாற்றினாள்.

3.

அவள் அம்மா தங்கமணி, பக்கத்து ஊர் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சர், மத்த அம்மாங்கல்லாம் பயப்படுறாங்க லா. அந்தப் போட்டோவ எடுத்துருங்க. எம்புள்ள புதுநன்மை வாங்கணும், எனக்கு அது போதும்."

எடுத்தேன். அடுத்த வாரம் தாமரை படத்தைத் தேடவில்லை. ஒரு காலி நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். [அந்த நாற்காலி அப்போது கொஞ்சம்… வேண்டாம், அடித்துவிடுகிறேன்.]

4.

முதல்முறை நற்கருணை அப்பம் வாங்குவதுதான் புதுநன்மை. அதன் பயிற்சிக்கு, அர்ச்சிக்காத வெறும் அப்பம் கொடுப்போம். தாமரை பாதியைச் சாப்பிட்டாள். மீதியை நாற்காலியின் பக்கம் நீட்டினாள். நான் செபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, அப்பம் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன், இல்லை. தரையைக் கூட்டினேன், ஒரு துணுக்கு இல்லை.

(எறும்பு தூக்கிப்போயிற்று என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். முழுசாக அரை அப்பத்தையா? போங்கள்.)

5.

தாமரை புதுநன்மைக்குத் தயாரா என்று எழுதித்தர ஃபாதர் கொடுத்த படிவம் என் மேசையில் கிடக்கிறது. கேள்வி ஒன்றுதான்: 'கண்ணுக்குத் தெரியாமல் உடனிருப்பவரைப் பிள்ளை அறிந்திருக்கிறதா? எப்படித் தெரியும்?' அவர் கேட்பது இயேசுவை.

நடந்ததை எழுதினால் தாமரையின் புதுநன்மையை நிறுத்திவிடுவார்கள். மறைத்தால், ஞானோபதேசம் நடத்துகிறவள் பொய் சொன்னதாகும். தாமரையோ கோயிலுக்குள் பெஞ்சில் யாருக்கோ இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

பேனாவை நீங்கள் பிடியுங்கள். தங்கமணி வாசலில் நிற்கிறார், அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.