அத்தான் சொன்ன ஆறு எண்கள்

அத்தானுக்கு வயிற்றில் ஒரு சொல் தங்காது. அக்கா உண்டாகியிருக்கும் செய்தியை அக்காவே தன் மாமியாரிடம் சொல்வதற்குள், டயர் கடைக்கு வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் அவர் சொல்லி முடித்திருந்தார். பஞ்சர் ஒட்டுகிற கை எப்போதும் கறுப்பாக இருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காற்றடிக்க வந்தவர்கள்கூடக் குடும்ப விவகாரத்தில் யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் அவருக்குத் தண்டோரா என்றே பெயர்.

மச்சினியின் தலையெழுத்து, அந்தத் தண்டோராவின் போனுக்குத்தான் அவளுடைய ஆஸ்பத்திரிக் கணக்கின் ஓடிபி போய்க்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் குடும்பத்துக்கே அவருடையதுதான் ஒரே போன். கேஸ், பேங்க், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் அந்த நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், யாரும் மாற்றவில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட, தானே தனியாகப் போய், ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கணவனுக்குத் தூரத்தில் வேலை. சொன்னால் அங்கே அவனுக்குச் சோறு இறங்காது. அக்காவோ அழுதே ஆளைக் கொன்றுவிடுவாள். முடிவு தெரியும்வரை ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

முடிவு ஆப்பில்தான் வருமாம். ஆப்புக்குள் போக மூன்று வழி. பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. முகத்தைக் காட்டினால் பொருந்தவில்லை என்றது; கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள், அதற்கும் மசியவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளின் முகம் அதற்கு அடையாளம் தெரியவில்லை. மிச்சம் இருந்தது தண்டோரா வழிதான்.

மதியம் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று போன் செய்தாள்.

“அத்தான், உங்களுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க.”

“எதுக்கும்மா?” பின்னால் கம்ப்ரஸர் இரைந்தது.

“ஆஸ்பத்திரி கணக்கு. சும்மா, கண்ணு டெஸ்ட்டு.”

“இரு, வந்துருச்சு...” கம்ப்ரஸர் நின்றது. ஸ்பீக்கரையும் நிறுத்தியிருக்க வேண்டும், அவர் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்தது. ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னார். “அழிச்சுட்டேன்” என்றார்.

“எதை?”

“மெசேஜைத்தான். பசங்க கேம் ஆடுற போனாச்சே.”

அன்று முடிவு வரவில்லை. மறுநாளும் இல்லை. தினமும் மதியம் கூப்பிட்டாள்; தினமும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கடையை விட்டு வெளியே வந்து எண்ணைச் சொன்னார், அழித்துவிட்டேன் என்றார். எதற்கு என்று மறுபடி கேட்கவே இல்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

ஒரு நாள், எண்ணைச் சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

“உள்ள போகுதான்னு பாரும்மா. நான் லைன்லயே இருக்கேன்.”

போனது. முடிவும் வந்திருந்தது. புற்று இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா, போச்சா?”

“போயிருச்சு அத்தான். எல்லாம் நல்லா இருக்கு.”

மறுமுனையில் ஒரு பெரிய மூச்சு. “கண்ணு நல்லா இருக்குல்ல? அது போதும்.”

அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, கணக்கைத் தன் நம்பருக்கு மாற்றினாள். சரியாக வருகிறதா என்று அங்கேயே ஆப்பைத் திறந்து பார்த்தாள். தன் போனுக்கு வந்த அந்த மெசேஜை அவள் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். எண் மட்டும் இல்லை. முதலில் அவள் பெயர். அடுத்து, ‘மார்பகக் கட்டி, சதைப் பரிசோதனை முடிவைக் காண’. அதற்கும் பிறகுதான் எண்.

எந்த மகராசன் இப்படி எழுதி வைத்தானோ, அவன் வீட்டுப் பெண்களுக்கும் இப்படித்தான் அனுப்புவானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுண்டரில் ஒரு பிடி பிடிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. வெளியே வந்து அவரைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, நம்பர் வேணுமா?” ஸ்பீக்கர், கம்ப்ரஸர், யாரோ சிரிக்கிற சத்தம்.

“வேண்டாம் அத்தான். இனிமே என் போனுக்கே வரும். இப்பத்தான் முழுசாப் படிச்சேன்.”

சத்தமெல்லாம் சட்டென்று நின்றது.

“முதல் நாளே தெரியுமா?”

“தெரியும்மா.”

“அக்காகிட்டகூட மூச்சு விடலையே நீங்க.” அவள் ஆஸ்பத்திரிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். “தனியா கெடந்து தவிக்கிறேன்னு நெனச்சுட்டு இருந்தேன் அத்தான். தினமும் நீங்க கூடவே இருந்திருக்கீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“அட போம்மா. அது உன் விஷயம். நான் எப்படிச் சொல்றது?” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இப்ப உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கலாமா?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நானே சாயங்காலம் வந்து சொல்றேன் அத்தான்.”

“சாயங்காலம் வரைக்குமா?” என்றார் தண்டோரா. “கொஞ்சம் சீக்கிரம் வந்துரும்மா.”